தீர்க்காமலே தீர்வின் போக்கைச் சொல்வது எப்படி: இரண்டாம் வரிசை நேரியல் சமன்பாடுகளுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டாம் வரிசை நேரியல் வகைக்கெழுச் சமன்பாடு ஒன்றைக் கொடுத்து, "மாறி முடிவிலிக்குப் போகும்போது தீர்வு என்ன ஆகும்?" என்று கேட்டால், புதிதாகப் பார்ப்பவர்கள் முதலில் அதைத் தீர்க்கத்தான் கிளம்புவார்கள். குணகங்கள் மாறிலிகளாக இருந்தால் பரவாயில்லை, தீர்த்துவிடலாம். குணகங்களும் மாறினால் அநேகமாக முடியாது. பக்கம் பக்கமாகத் தொடர் விரிவு எழுதிய பிறகும் கேட்ட கேள்விக்குப் பதில் வந்திருக்காது, ஏனென்றால் பூச்சியத்தைச் சுற்றி எழுதிய தொடர் முடிவிலியைப் பற்றி எதையும் நேரடியாகச் சொல்லாது.

தீர்க்காமலே பதில் சொல்ல ஒரு வழி இருக்கிறது. ஆனால் அது பாடப்புத்தகங்களில் துண்டு துண்டாகக் கிடக்கிறது: ஒரு துண்டு அலைவு பற்றிய அத்தியாயத்தில், இன்னொன்று பெசல் சார்புகளில், மற்றொன்று குவாண்டம் இயற்பியலில். அவற்றை வரிசைப்படுத்திச் சேர்க்க நான் நிறைய அலைந்திருக்கிறேன். எம்.எஸ்சி. கணிதம் படிப்பவர்களும், நெட், கேட் தேர்வுகளுக்குத் தயாராகிறவர்களும், இயற்பியலிலிருந்து வந்து இந்தச் சமன்பாடுகளில் மாட்டிக்கொண்டவர்களும் அந்த அலைச்சல் இல்லாமல் வேலையை முடிக்கட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

குறியீடுகள்: மாறி த, தீர்வு ய. சமன்பாடு இது:

ய″ + ப·ய′ + ம·ய = 0

ப, ம இரண்டும் த-வின் சார்புகள். அடுக்கு( ) என்று எழுதுவது அடுக்குக்குறிச் சார்பு. மடக்கை என்றால் இயல் மடக்கை. தொகையீடு என்று சொல்லும் இடமெல்லாம் ஏதோ ஒரு தொடக்கப் புள்ளியிலிருந்து மேலே போவது. எங்கே தொடங்குகிறோம் என்பது மாறிலியை மட்டும்தான் மாற்றும்.

1. தொடங்கும் முன் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியவை

பணச் செலவு கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனமான என்.ஐ.எஸ்.டி., கணிதச் சார்புகளுக்கான மின்நூலகம் ஒன்றை 2010 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. டி.எல்.எம்.எஃப். என்று தேடினால் வந்துவிடும். அதில் உங்களுக்கு வேண்டியது நான்கு அத்தியாயங்கள்தான்: 2 (முடிவிலித் தோராயங்கள்), 9 (ஏய்ரி சார்புகள்), 10 (பெசல் சார்புகள்), 12 (வெபர் சமன்பாட்டிலிருந்து வரும் பரவளைய உருளைச் சார்புகள்). ஏய்ரி, பெசல் இரண்டுக்கும் முடிவிலியில் வரும் சூத்திரங்கள் உள்ள பக்கங்களை மட்டும் அச்செடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முழு அத்தியாயத்தையும் அச்செடுத்தால் தாள்தான் வீண்.

சரிபார்க்க பைத்தான் போதும். சைபை, எம்பிமேத் என்ற இரண்டு தொகுப்புகளும் இலவசம். கணினி இல்லாவிட்டால் கூகுள் கோலாப்பைக் கைபேசியிலேயே திறந்து ஓட்டலாம். காசு கொடுத்து வாங்கும் மென்பொருள் எதுவும் இந்த வேலைக்குத் தேவையில்லை.

நேரக் கணக்கு: பழகியபின் ஒரு சமன்பாட்டுக்கு 20 முதல் 30 நிமிடம் ஆகும். முதல் சில சமன்பாடுகளில் ஒவ்வொன்றுக்கும் ஒரு மாலைப்பொழுது ஒதுக்குங்கள். அதில் பாதி படி 2-லும் படி 5-லும் போகும், அது இயல்பு. மடக்கை, ஈருறுப்பு விரிவு, முறையற்ற தொகையீடுகளின் ஒருங்கல் ஆகிய மூன்றும் கைவசம் இல்லையென்றால் முதலில் அவற்றை ஒரு தடவை பார்த்துவிட்டு வாருங்கள். தடுமாற்றம் வருவது பெரும்பாலும் வகைக்கெழுச் சமன்பாட்டில் இல்லை, இந்த மூன்றில்தான்.

2. முதல் வகைக்கெழுவை அகற்றுங்கள்

எந்தச் சமன்பாடு வந்தாலும் முதல் வேலை இதுதான். ய = வ · அடுக்கு(−½∫ப) என்று பிரதியிடுங்கள். ய′ உறுப்பு மறைந்து, சமன்பாடு இப்படி ஆகும் (இதை இயல்வடிவம் என்பார்கள்):

வ″ + கு·வ = 0
கு = ம − ப′/2 − ப²/4

இனி எல்லா முடிவும் கு என்ற ஒரே சார்பைப் பார்த்துத்தான். இரண்டு குணகங்களை ஒரே சமயத்தில் வைத்துக்கொண்டு யோசிப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

பெசல் சமன்பாட்டில் செய்து பார்க்கலாம். ய″ + ய′/த + (1 − ந²/த²)ய = 0. இங்கே ப = 1/த, ஆகவே ய = வ/√த. ப′ = −1/த² என்பதால் −ப′/2 என்பது +1/(2த²). −ப²/4 என்பது −1/(4த²). கூட்டினால்:

கு = 1 + (1/4 − ந²)/த²

இந்த இடத்தில் ப′ உறுப்பை விட்டுவிடுவதுதான் மிகப் பரவலான பிழை. சரிபார்க்கச் சுலபமான வழி ஒன்று உண்டு. ந = 1/2 என்று போடுங்கள். கு = 1 ஆகிவிடும், வ = சைன்(த), ய = சைன்(த)/√த. இதை மூலச் சமன்பாட்டில் போட்டால் சரியாகப் பொருந்தும். ப′-ஐ மறந்திருந்தால் பொருந்தாது.

இன்னொரு பொறி, கடைசியில் வ-விலிருந்து ய-வுக்குத் திரும்பாமல் விட்டுவிடுவது. உராய்வு இருந்தால், அதாவது ப நேர்மமானால், தீர்வு தேய்ந்து பூச்சியமாகும் என்று பலரும் மனத்தில் வைத்திருக்கிறார்கள். கீழே உள்ளதைப் பாருங்கள்:

ய″ + (2 + அடுக்கு(த))·ய′ + ய = 0

உராய்வுக் குணகம் நேர்மம். அதுமட்டுமல்ல, முடிவிலிக்கு ஓடுகிறது. ஆனால் ய = 1 + அடுக்கு(−த) இதற்கு ஒரு தீர்வு. போட்டுப் பாருங்கள், எல்லா உறுப்புகளும் அடிபட்டுப் பூச்சியமாகும். இந்தத் தீர்வு 1-இல் போய் நிற்கிறது, பூச்சியத்துக்கு வரவே இல்லை. உராய்வு அதீதமாகி, பொருளைத் திரும்பி வரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. இயல்வடிவத்தில் பார்த்தால் வ பிரம்மாண்டமாக வளரும், அடுக்கு(−½∫ப) அதே வேகத்தில் சுருங்கும், இரண்டும் ஒன்றையொன்று அடித்துவிடும். ஆகவே "ப நேர்மம், எனவே தேயும்" என்று ஒரு வரியில் எழுதி முடிக்காதீர்கள்.

3. த²·கு எங்கே போகிறது என்று பாருங்கள்

சமன்பாடு எந்த வகை என்று பிரிக்கும் இடம் இது. த முடிவிலிக்குப் போகும்போது த²·கு-வின் எல்லை என்ன?

எல்லை ஒரு முடிவுறு எண், அதை எ என்போம்: படி 4-க்குப் போங்கள். எ = 0 என்பதும் இதில் அடக்கம்.

எல்லை +∞ அல்லது −∞: படி 5-க்குப் போங்கள். கு ஒரு மாறிலியை நோக்கிப் போகும் சமன்பாடுகள், கு தானே முடிவிலிக்குப் போகும் சமன்பாடுகள், பூச்சியத்துக்கு வந்தாலும் 1/த²-ஐவிட மெதுவாக வருபவை எல்லாம் இங்கே சேரும்.

எல்லையே இல்லை, கு குறி மாறிக்கொண்டே இருக்கிறது: தனிக்கவனம் வேண்டும். பொதுச் சூத்திரம் எதையும் நம்பாதீர்கள்.

இந்தப் படிக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். ஆனால் இதைத் தாண்டிக் குதித்தவர்கள் தவறான சூத்திரத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டுவார்கள்.

4. எல்லை முடிவுறு எண்ணாக இருந்தால்

மாதிரி, ஆய்லர் சமன்பாடு: வ″ + (எ/த²)வ = 0. வ = த^க என்று போட்டால் க(க − 1) + எ = 0, அதாவது

க = 1/2 ± √(1/4 − எ)

எ < 1/4 என்றால் இரண்டு அடுக்குகளும் மெய்யெண்கள், அலைவு இல்லை. எ > 1/4 என்றால் தீர்வுகள் √த · கொசைன்(√(எ − 1/4) · மடக்கை த + கட்டம்) என்று முடிவின்றி அலையும், ஆனால் மடக்கையின் வேகத்தில், அதாவது மிக மெதுவாக. பூச்சியங்கள் ஒன்றுக்கொன்று பெருக்குத்தொடரில் தள்ளிப் போகும். எ = 1/4 என்றால் √த, √த·மடக்கை த.

உங்கள் கு துல்லியமாக எ/த² இல்லை, அதற்கு அருகில்தான் இருக்கிறது என்றால்? (த²·கு − எ)/த என்பதன் தனிமதிப்பைத் தொகையிட்டுப் பாருங்கள். எ 1/4-க்குச் சமமில்லாமல் இருந்து, அந்தத் தொகையீடும் ஒருங்கினால், மேலே உள்ள வடிவங்கள் அப்படியே செல்லும். எ = 0 என்றால் நிபந்தனை, த·|கு|-வின் தொகையீடு ஒருங்க வேண்டும் என்று ஆகும். அப்போது ஒரு தீர்வு 1-ஐ நோக்கியும், இன்னொன்று த-வைப் போலவும் போகும்.

1/4 என்ற எல்லைக்கோட்டின்மீது நிற்கும்போது எதையும் சட்டென்று சொல்லாதீர்கள். கு = 1/(4த²) + ச/(த·மடக்கை த)² என்று எடுத்தால் த²·கு-வின் எல்லை 1/4-தான். ஆனாலும் ச > 1/4 என்றால் அலையும், ச 1/4-ஐத் தாண்டாவிட்டால் அலையாது. எல்லைக்கோட்டுக்குள் இன்னொரு எல்லைக்கோடு. தேர்வுக் கேள்விகள் இந்த 1/4-ஐச் சுற்றியே வட்டமிடுவதால் இதைக் கவனமாகப் படித்துவைப்பது பயன் தரும்.

5. எல்லை முடிவிலியாக இருந்தால்: லியூவில்–கிரீன் தோராயம்

இயற்பியலில் டபிள்யூ.கே.பி. என்று சொல்வது இதைத்தான். கு எதிர்மமாக இருந்தால்

வ ~ |கு|^(−1/4) · அடுக்கு( ± ∫√|கு| )

கு நேர்மமாக இருந்தால்

வ ≈ கு^(−1/4) · கொசைன்( ∫√கு + கட்டம் )

சூத்திரத்தை எல்லோரும் மனப்பாடம் செய்துவிடுவார்கள். அதற்கான நிபந்தனையை யாரும் எழுதுவதில்லை. நிபந்தனை இதுதான்: ஊ = |கு|^(−1/4) என்று வைத்து, |ஊ·ஊ″| என்பதைத் தொகையிட்டால் முடிவிலிவரை ஒருங்க வேண்டும். கு ஒரு தூய அடுக்கு, த^க என்று வைத்துக்கொண்டால், ஊ·ஊ″ என்பது த^(−க/2 − 2) அளவில் இருக்கும். க > −2 என்றால் ஒருங்கும். க = −2 என்றால் ஒருங்காது. படி 3-இல் 1/த²-ஐ எல்லையாக வைத்ததற்குக் காரணம் இதுதான்.

நிபந்தனையை மீறி ஆய்லர் சமன்பாட்டில் இந்தச் சூத்திரத்தைப் போட்டால் என்ன வரும்? எ எதிர்மம் என்றால் அடுக்கு 1/2 ± √(−எ) என்று வரும். சரியான விடை 1/2 ± √(1/4 − எ). பார்வைக்கு நெருக்கமாகத் தெரியும், விடை தவறு. வினாத்தாளில் இந்த இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் தெரிவுகளாகக் கொடுத்தால் பாதிப் பேர் தவறானதைத்தான் தேர்ந்தெடுப்பார்கள்.

சரி, மூன்று மாதிரிகளைச் செய்து பார்ப்போம்.

முதலாவது, ஏய்ரி சமன்பாடு: ய″ = த·ய. கு = −த. ∫√த = (2/3)த^(3/2), இதை ஜ என்போம். தீர்வுகள் த^(−1/4)·அடுக்கு(−ஜ), த^(−1/4)·அடுக்கு(ஜ). அவ்வளவுதான், வேலை முடிந்தது. இந்தத் தோராயம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதை எண்களில் பார்த்தால் நம்பிக்கை வரும். தேயும் ஏய்ரி சார்புக்கு முன்னால் வரும் மாறிலி 1/(2√π). த = 1-இல் உண்மை மதிப்பு 0.1353, தோராயம் 0.1448, பிழை 7 விழுக்காடு. த = 5-இல் உண்மை 0.00010834, தோராயம் 0.00010930, பிழை 1 விழுக்காட்டுக்கும் கீழே. அடுத்த திருத்தமான (1 − 5/(72ஜ)) என்பதையும் பெருக்கினால் 0.00010828 வரும். 5 என்பது முடிவிலிக்குப் பக்கத்தில்கூட இல்லை, ஆனாலும் இவ்வளவு துல்லியம்.

அந்தத் திருத்தங்களை அடுக்கிக்கொண்டே போகலாமே என்று தோன்றும். போகக் கூடாது. அந்தத் தொடர் எந்த த-வுக்கும் ஒருங்காது. உறுப்புகள் முதலில் சிறுத்து, பிறகு பெருக்கும். மிகச் சிறிய உறுப்பு வரும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். ஏய்ரி தொடரில் அது சுமார் 2ஜ-ஆவது உறுப்பு: த = 5 என்றால் 15-க்கு அருகில், த = 1 என்றால் முதல் திருத்தத்தோடு சரி.

இரண்டாவது, வெபர் சமன்பாடு: ய″ = (த²/4 + அ)ய. இங்கேதான் பெரிய பொறி. பெரிய த-வுக்கு அ-வை விட்டுவிடலாம் என்று நினைத்து ∫(த/2) = த²/4 என்று எழுதினால் விடை தவறிவிடும். வர்க்கமூலத்தை விரித்துப் பாருங்கள்:

√(த²/4 + அ) = த/2 + அ/த + …

இரண்டாவது உறுப்பு பூச்சியத்துக்குப் போகிறது, உண்மைதான். ஆனால் தொகையிட்டால் அ·மடக்கை த. அது முடிவிலிக்குப் போகிறது. அடுக்கில் ஏற்றினால் த^அ என்ற முழுக் காரணி. அதற்கடுத்த உறுப்பு 1/த³ அளவில் இருப்பதால் அதன் தொகையீடு ஒருங்கும், அங்கே நிறுத்தலாம். விடை: த^(அ − 1/2)·அடுக்கு(த²/4), த^(−அ − 1/2)·அடுக்கு(−த²/4). குவாண்டம் அலையியற்றி படித்தவர்கள் அ = −(ந + 1/2) என்று போட்டால், தேயும் தீர்வு த^ந·அடுக்கு(−த²/4) என்று வருவதைப் பார்க்கலாம். ந-ஆவது நிலையின் அலைச்சார்பில் ந படியுள்ள ஹெர்மைட் பல்லுறுப்புக்கோவை இருப்பது இதனோடு அப்படியே பொருந்துகிறது.

விதி இது: வர்க்கமூலத்தை விரிக்கும்போது, தொகையீடு ஒருங்கும் உறுப்பு வரும்வரை நிறுத்தாதீர்கள். உறுப்பு சிறியதாவது போதாது.

மூன்றாவது, கு மாறிலியை நோக்கிப் போகும் சமன்பாடுகள். இதில்தான் மாணவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

கு → 1 என்று தெரிந்தவுடன் "ஆகவே தீர்வு கொசைன்(த + கட்டம்) போல அலையும்" என்று எழுதிவிடத் தோன்றும். பெசல் சமன்பாட்டில் அது உண்மை. (1/4 − ந²)/த² என்பதன் தொகையீடு ஒருங்குகிறது, ஆகவே வ சாதாரணக் கொசைனாகவே போய்ச் சேரும், ய என்பது √த-வால் வகுபட்டுத் தேயும். பூச்சிய வரிசை பெசல் சார்புக்கு √(2/(πத))·கொசைன்(த − π/4). த = 10-இல் இது −0.2468 தருகிறது, உண்மை மதிப்பு −0.2459.

இப்போது கு = 1 + 1/த. கூடுதல் உறுப்பு பூச்சியத்துக்குப் போகிறது. ஆனால் 1/த-வின் தொகையீடு ஒருங்காது. √கு = 1 + 1/(2த) + …, தொகையிட்டால் த + ½·மடக்கை த. தீர்வு கொசைன்(த + ½·மடக்கை த + கட்டம்). வீச்சு மாறவில்லை, கட்டம் நகர்ந்துகொண்டே போகிறது. த = 100-இல் அந்த மடக்கை உறுப்பு 2.3 ரேடியன், சுமார் 132 பாகை. அதை விட்டால் தீர்வின் குறியே பல இடங்களில் தலைகீழாகிவிடும். மின்னேற்றங்களின் சிதறலைக் கணக்கிடும்போது கூலும் விசைக்கு வரும் மடக்கைக் கட்டம் இதேதான்.

இன்னும் ஒரு படி மேலே போய் கு = 1 + 4·சைன்(2த)/த என்று எடுங்கள். இதுவும் 1-ஐ நோக்கித்தான் போகிறது. முந்தைய எடுத்துக்காட்டைப் பார்த்தவர்கள், கட்டம் மட்டும் கொஞ்சம் மாறும் என்று எதிர்பார்ப்பார்கள். நடப்பது வேறு. ஒரு தீர்வு த·கொசைன்(த) போல வரம்பில்லாமல் வளரும். இன்னொன்று சைன்(த)/த போலத் தேயும். தள்ளுதல் மிகச் சிறியது, ஆனால் தீர்வின் இயல்பான அலைவோடு தாளம் தப்பாமல் சேர்ந்து தள்ளுவதால் விளைவு சேர்ந்துகொண்டே போகிறது. 4-க்குப் பதில் அ என்ற நேர்ம எண்ணைப் போட்டால் வீச்சுகள் த^(அ/4), த^(−அ/4) என்று வரும். லியூவில்–கிரீன் நிபந்தனையைச் சரிபார்த்திருந்தால் இங்கே முன்கூட்டியே எச்சரிக்கை கிடைத்திருக்கும். ஊ″-இல் சைன்(2த)/த அளவுள்ள உறுப்பு வரும், அதன் தனிமதிப்பின் தொகையீடு ஒருங்காது.

"பூச்சியத்துக்குப் போகிறது" என்பதும் "தொகையீடு ஒருங்குகிறது" என்பதும் வேறு வேறு. இந்தப் பாடம் முழுவதிலும் உங்களைக் காப்பாற்றப் போவது இந்த வித்தியாசம்தான். எந்த உறுப்பையாவது விட்டுவிடுமுன் அதைத் தொகையிட்டுப் பாருங்கள்.

6. ரான்ஸ்கியனை வைத்துச் சரிபாருங்கள்

இதற்கு மூன்று நிமிடம்கூட ஆகாது. பிழைகளில் பாதியை இது பிடித்துவிடும். இயல்வடிவத்தில் இரண்டு தீர்வுகளின் ரான்ஸ்கியன், அதாவது வ₁·வ₂′ − வ₁′·வ₂, ஒரு மாறிலி. நீங்கள் கண்டுபிடித்த இரண்டு வடிவங்களையும் போட்டு, முதன்மை அளவில் த அடிபட்டுப் போகிறதா என்று பாருங்கள்.

ஏய்ரிக்கு: இரண்டு வீச்சுகளின் பெருக்கம் த^(−1/2). வகையிடும்போது ஒன்றிலிருந்து +√த, இன்னொன்றிலிருந்து −√த, வித்தியாசம் 2√த. பெருக்கினால் 2. த மறைந்துவிட்டது, சரி. மாறிலிகள் 1/(2√π), 1/√π இரண்டையும் சேர்த்தால் 1/π, டி.எல்.எம்.எஃப். தருவதும் அதுவே. வெபருக்கும் செய்து பாருங்கள்: த^(அ − 1/2), த^(−அ − 1/2) பெருக்கினால் 1/த, வித்தியாசத்திலிருந்து த, மீண்டும் மாறிலி. ஒரு தீர்வில் மட்டும் த^அ-வை மறந்திருந்தால் இங்கே மாட்டிக்கொள்வீர்கள். இரண்டிலும் மறந்திருந்தால் இந்தச் சோதனை பிடிக்காது. அதற்காகத்தான் அடுத்த படி.

7. கணினியில் ஓட்டிப் பார்க்கும்போது

சமன்பாட்டை எண்முறையில் தீர்க்கும் சைபையின் சால்வ்_ஐவிபி போதும். ஓட சில விநாடிகள்தான். ஆனால் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொண்டு ஓட்டுங்கள்.

ஒன்று, அதன் இயல்பான சகிப்பளவு மிகத் தளர்வானது: ஒப்புப் பிழை 0.001, தனிப் பிழை 0.000001. முடிவிலிப் போக்கைப் பார்க்க இது போதாது. இரண்டையும் குறைந்தது பத்துக்கோடியில் ஒன்று என்ற அளவுக்காவது இறுக்குங்கள்.

இரண்டு, தேயும் தீர்வை முன்னோக்கி ஓட்டிப் பிடிக்க முடியாது. எவ்வளவு இறுக்கினாலும் முடியாது. ஏய்ரியின் தேயும் தீர்வுக்கு த = 0-இல் மதிப்பு 0.355028, வகைக்கெழு −0.258819. இவற்றை வைத்துத் தொடங்கினால் கொஞ்ச தூரம் அழகாகத் தேயும், பிறகு திடீரென்று மேலேயோ கீழேயோ பாயும். தொடக்க மதிப்பில் இருக்கும் சிறு பிழை, வளரும் தீர்வின் ஒரு துளியாக உள்ளே வந்துவிடுகிறது. வளரும் தீர்வுக்கும் தேயும் தீர்வுக்கும் உள்ள விகிதம் 2·அடுக்கு(2ஜ). த = 9-இல் ஜ = 18, அந்த விகிதம் 10-இன் 16-ஆம் அடுக்கை நெருங்குகிறது. இரட்டைத் துல்லியத்தில் இருப்பதே சுமார் 16 இலக்கங்கள்தான். ஆகவே வேறெந்தப் பிழையும் செய்யாத ஒரு நிரல்கூட 9-ஐத் தாண்டித் தேயும் தீர்வைக் காட்டாது. மேலே கொடுத்த ஆறு இலக்கங்களோடு தொடங்கினால் அதற்கு வெகு முன்னரே பாய்ந்துவிடும்.

இதற்கு வழி எளிது. பெரிய த-வில், லியூவில்–கிரீன் தரும் மதிப்பையும் வகைக்கெழுவையும் வைத்துத் தொடங்கிப் பின்னோக்கி ஓட்டுங்கள். அந்தத் திசையில் தேயும் தீர்வுதான் வளரும், பிழைகள் தாமாகவே அமுங்கும். முன்னோக்கி ஓட்டித் திரையில் தீர்வு பாய்வதைப் பார்த்துவிட்டு "எல்லாத் தீர்வுகளும் வளர்கின்றன" என்று முடிவுகட்டும் ஆய்வேடுகள் எழுதப்படக் கூடாது.

அலையும் தீர்வுகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. எந்தத் திசையிலும் ஓட்டலாம். வரைபடத்தில் ய-வை அப்படியே வரையாமல், எதிர்பார்க்கும் வீச்சால் வகுத்து வரையுங்கள். பெசலுக்கு √த·ய வரைந்தால் உறை (அலைகளின் உச்சிகளைத் தொட்டுச் செல்லும் கோடு) கிடைமட்டமாக வர வேண்டும். சாய்வாக வந்தால் ஏதோ ஒரு காரணி விட்டுப்போயிருக்கிறது.

8. மாறிலிகள் தனி வேலை

இதுவரை செய்ததெல்லாம் வடிவத்தை மட்டும்தான் தரும். த = 0-இல் கொடுத்த தொடக்க மதிப்புகளுக்கு, முடிவிலியில் வளரும் தீர்வின் பங்கு எவ்வளவு, தேயும் தீர்வின் பங்கு எவ்வளவு என்பதை இந்த முறை சொல்லாது. 1/(2√π) போன்ற மாறிலிகள் ஏய்ரி சார்பின் தொகையீட்டு வடிவத்திலிருந்து வருகின்றன. பெயர் பெற்ற சமன்பாடாக இருந்தால் டி.எல்.எம்.எஃப்.-இல் எடுத்துக்கொள்ளுங்கள், நீங்களே வருவிக்க உட்கார்ந்தால் ஒரு வாரம் போய்விடலாம். பெயரில்லாத சமன்பாடாக இருந்தால் எண்முறையில் ஓட்டி மாறிலியை மதிப்பிடுவதே நடைமுறை வழி.

கு பூச்சியமாகும் புள்ளிக்கு அருகில் லியூவில்–கிரீன் சூத்திரம் வெடித்துவிடும், ஏனென்றால் |கு|^(−1/4) முடிவிலியாகிறது. அந்தப் புள்ளியைத் தாண்டி ஒரு பக்கத்து மாறிலியை மறுபக்கத்துக்குக் கொண்டுபோக ஏய்ரி சார்புகளை நடுவில் வைத்து இணைக்க வேண்டும். ஏய்ரி சமன்பாட்டில் வலப்பக்கம் 1/(2√π) என்ற மாறிலியோடு தேயும் தீர்வு, இடப்பக்கம் (1/√π)·|த|^(−1/4)·சைன்(ஜ + π/4) என்று அலையும். இங்கே ஜ-வை |த|-வை வைத்துக் கணக்கிட வேண்டும். அந்த 2 என்ற காரணியும் π/4 என்ற கட்டமும் யூகித்தால் வராது, இணைப்பிலிருந்துதான் வரும்.

9. விடையை எழுதும்போது

~ என்ற குறிக்கு விகிதம் 1-ஐ நோக்கிப் போகிறது என்று பொருள். அலையும் தீர்வுக்கு அதைப் போடாதீர்கள்; இரண்டு பக்கமும் வெவ்வேறு இடங்களில் பூச்சியமாவதால் விகிதத்துக்குப் பொருளே இருக்காது. வீச்சு × (கொசைன்(…) + பூச்சியத்துக்குப் போகும் பிழை) என்று எழுதுங்கள்.

வளரும் தீர்வின் தோராயத்தோடு தேயும் உறுப்பைக் கூட்டி எழுதுவதிலும் பயனில்லை. அடுக்கு(ஜ)-வில் விட்டுப்போன திருத்தமே அடுக்கு(−ஜ)-வைவிடப் பல மடங்கு பெரியது.

கடைசியாக, கேள்வியைத் திரும்பப் படியுங்கள். "எல்லாத் தீர்வுகளும் வரம்புடையவையா" என்று கேட்கிறார்களா, "வரம்புடைய தீர்வு ஒன்று உண்டா" என்று கேட்கிறார்களா? ஏய்ரிக்கு முதல் கேள்விக்கு இல்லை, இரண்டாவதற்கு ஆம். த எந்தப் பக்கம் போகிறது என்பதையும் பாருங்கள்: −∞ பக்கம் போனால் அதே ஏய்ரி சமன்பாட்டின் எல்லாத் தீர்வுகளும் |த|^(−1/4) வீச்சோடு அலைந்து பூச்சியத்துக்கு வந்துவிடும்.